குச்சியாக நின்ற மல்லி

தை மாதத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை, ஓனர் ஆன்ட்டி வீட்டில் இல்லாத ஆறு மணி நேரத்துக்குள், அவருடைய மல்லிச் செடியை நான் முழங்கால் உயரத்துக்கு வெட்டிப் போட்டேன். மிச்சமிருந்த இலைகளையும் ஒன்று விடாமல் உருவினேன். முடித்துவிட்டு, இடுப்பில் கைவைத்து நின்று ரசித்து, ஒரு போட்டோ வேறு எடுத்துக்கொண்டேன்.

அந்தப் போட்டோ இன்னும் என் போனில் இருக்கிறது. சிமெண்ட் தரையின் ஓரம், கொஞ்சம் மண், அதில் பத்துப் பன்னிரண்டு குச்சிகள். யாரோ விறகு நட்டுவைத்த மாதிரி.

செங்கல்பட்டில் ஏரிக்குப் பக்கத்துத் தெருவொன்றில், மாடியில் ஒற்றை அறை என்னுடையது. கீழே ஆன்ட்டியும் அங்கிளும். மறைமலைநகரில் கார் உதிரிபாகம் செய்யும் கம்பெனியில் எனக்கு வேலை. வார்த்தெடுத்து வரும் பாகங்களில் விரிசல் இருக்கிறதா என்று பார்த்து ஒதுக்குவது. காலை ஆறே முக்காலுக்கு ஜி.எஸ்.டி. ரோட்டில் கம்பெனி பஸ் வரும். வேலை போக மிச்ச நேரத்தில் எதையாவது புதிதாகக் கற்றுக்கொள்ளாவிட்டால் எனக்குக் கை அரிக்கும். ஜப்பானிய மொழி இரண்டு மாதம், நீச்சல் ஒன்றரை மாதம், மீன்தொட்டி ஒரு மாதம் (மீன்கள் இப்போது தோழி வீட்டில் நலமாக இருக்கின்றன). தையில் தோட்டக்கலை பிடித்துக்கொண்டது. வீடியோ வீடியோவாகப் பார்த்தேன். சிவப்புக் கைப்பிடி போட்ட கவாத்துக் கத்தரி ஒன்றை வரவழைத்தேன். கத்தரி வந்துவிட்டது, வெட்டுவதற்குத்தான் என்னிடம் எதுவும் இல்லை. மாடியில் இருந்தது ஒரே ஒரு துளசித் தொட்டி.

கீழேயோ, தண்ணீர் மோட்டாருக்குப் பக்கத்தில், காம்பவுண்டு சுவரில் சாய்ந்து ஒரு மல்லி புதராக மண்டிக் கிடந்தது. ஆன்ட்டியின் மகள் கல்லூரியில் படிக்கும்போது நட்டது. அந்த அக்காவைக் கட்டிக்கொடுத்தது அச்சரப்பாக்கத்தில். கல்யாணமாகி நான்காவது வருஷம், இப்போதுதான் முதல் குழந்தை. பங்குனி மூன்றாவது வெள்ளியன்று இங்கே, ஆன்ட்டி வீட்டில் வளைகாப்பு. ஆன்ட்டி போனில், பட்டுப்புடவை எடுக்கவா, வேறு என்ன வேணும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ஒருநாள் ஸ்பீக்கரில் அக்கா சொன்னது எனக்கும் கேட்டது.

“ஒண்ணும் வேணாம்மா. என் செடில பூத்த பூவுல ஜடை தெச்சு வுடு. அது போதும்.”

ஆன்ட்டி உடனே அதோடு இன்னொன்றைச் சேர்த்துக்கொண்டார். தெருக்கோடி அம்மனுக்கு முதலில் அந்தப் பூ, அப்புறம்தான் மகள் தலைக்கு. வேண்டிக்கொண்டாகிவிட்டது. ஆனால் அந்தச் செடி வருஷத்துக்கு நாலு பூ பூத்தால் அதிசயம். எல்லாம் கொடியும் இலையும்தான்.

நான் சும்மா இருப்பேனா? “கவாத்து பண்ணினா பூக்கும் ஆன்ட்டி. தை முடியறதுக்குள்ள வெட்டணும். தண்ணிய நிறுத்தி, வெட்டி, இலைய உருவி விட்டா பங்குனில கொத்துக் கொத்தா வரும்” என்று, நேற்றுப் பார்த்த வீடியோவை இருபது வருஷ அனுபவம்போல் சொன்னேன்.

“ஓரமா லைட்டா கழிச்சு வுடு” என்றார் ஆன்ட்டி. மகளைப் பார்க்க அச்சரப்பாக்கம் பஸ் ஏறப் போகிற அவசரத்தில் சொன்ன வார்த்தை. அதில் ‘கழிச்சு வுடு’ மட்டும்தான் என் காதில் தங்கியது.

சாயங்காலம் கேட்டைத் திறந்துகொண்டு உள்ளே வந்தவர், கையிலிருந்த முறுக்குப் பொட்டலத்தோடு அப்படியே நின்றார்.

“செடி எங்க?”

“இதுதான் ஆன்ட்டி.”

“இதுவா? இன்னாமா இது, அடுப்புக்கு வெச்சிருக்கிற மாரி கீது!”

நான் விளக்க ஆரம்பித்தேன். பழைய கிளையில் பூ வராது, புதுத் துளிரில்தான் வரும் என்று. ஆன்ட்டி கேட்கவில்லை. அவர் கத்தியிருந்தால் பரவாயில்லை. குனிந்து, ஒரு குச்சியை விரலால் தொட்டுப் பார்த்துவிட்டு, “அவ கிட்ட இன்னா சொல்றது நானு?” என்று மட்டும் கேட்டார். என்னைக் கேட்கவில்லை. குச்சியைக் கேட்டார்.

அங்கிள் கம்பெனி பஸ் ஓட்டி ஓய்வுபெற்றவர். எதற்கும் பதறாதவர். வாசலில் நின்று பார்த்துவிட்டு, “திருப்பதிக்குப் போய் வந்திருக்குது போல. மொட்டை போட்டா முடி வளராமயா பூடும்?” என்றார். ஆன்ட்டி அவரைப் பார்த்த பார்வையில் அவர் டீவிக்குத் திரும்பிப் போனார்.

முறுக்குப் பொட்டலம் அன்று மாடிக்கு வரவில்லை.

மறுநாள் முதல் என் காலைகள் மாறின. ஐந்தரைக்கு எழுந்து, ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு, படியிறங்கி, செடிக்கு எதிரில் கவிழ்த்துப்போட்ட பக்கெட்டில் உட்கார்ந்துவிடுவேன். பள்ளியில் ஆறு பருவங்களை மனப்பாடம் செய்யும்போது பின்பனி என்பது பாடப்புத்தகத்துக்குள் மட்டும் பெய்கிற பனி என்று நினைத்திருந்தேன். நம் ஊரில் எது பனிக்காலம்? வெயில் காலம், ரொம்ப வெயில் காலம், மழை வெள்ளம், அவ்வளவுதானே. அந்த மாசியில் பக்கெட்டில் உட்கார்ந்தபோதுதான் அதைக் கண்ணால் பார்த்தேன். அங்கிளின் ஸ்கூட்டர் சீட்டில் முத்து முத்தாக நீர். ஏரிப் பக்கமிருந்து ஒரு வெள்ளைப் படலம் தெருவிளக்கு வரை வந்து நிற்கும். ஏழரைக்கெல்லாம் காணாமல் போகிற குளிர்தான். ஆனாலும் குளிர்.

குச்சிகளில் எதுவும் இல்லை. தினமும் எதுவும் இல்லை.

வேலையிடத்தில் விரிசலைக் கண்டுபிடித்தால் அந்த நிமிஷமே பாகத்தை ஒதுக்கிவிடலாம். செய்வதற்கு எப்போதும் ஒன்று இருக்கும். இங்கே செய்வதற்கு ஒன்றுமே இல்லை. கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட்டில் உட்காரும் செய்யூர்க்காரியிடம் போட்டோவைக் காட்டினேன். அவள் வீட்டில் வேர்க்கடலையும் போடுவார்கள், கழனி வரப்பில் மல்லியும் உண்டு.

“சூப்பரா வெட்டிகீற மச்சி. இப்ப அத்த வுட்ரு.”

“வுட்டுட்டு?”

“வுட்டுட்டு ஒன்னோட வேலயப் பாரு. நீ மொறச்சுப் பாத்துகினு இருந்தா அது வெக்கப்படாதா?”

விடுவது எனக்கு வராத ஒன்று. சரி, பார்த்துக்கொண்டிருப்பதோடு சாமியும் கும்பிடலாம் என்று ஆரம்பித்தேன். நான் பரீட்சைக்குக் கும்பிடுகிற ரகம். வேண்டுவதைப் பட்டியல் போட்டு, தேதி போட்டு, கிட்டத்தட்ட கையெழுத்து வாங்கிக்கொண்டு வருகிறவள். முதல் நாலைந்து நாள் அம்மனிடம் அப்படித்தான் பேசினேன். பங்குனி மூன்றாவது வெள்ளிக்குள் வேண்டும், ஒரு ஜடை தைக்கிற அளவுக்கு வேண்டும், தவறியும் நான் வெட்டியதால்தான் செத்தது என்று ஆகிவிடக் கூடாது. கடைசி வேண்டுதலைச் சொல்லும்போது எனக்கே கொஞ்சம் கூச்சமாக இருந்தது. பூ வேண்டும் என்பதைவிட, என் பேர் கெடக்கூடாது என்பது முன்னால் வந்து நின்றுவிட்டது. அந்த அக்காவை நான் இரண்டே முறைதான் பார்த்திருக்கிறேன். நாலு வருஷம் காத்திருந்தவர் அவர். நான் காத்திருந்தது நாலு நாள்.

அதற்குப் பிறகு பட்டியலைச் சுருக்கினேன். பூக்கட்டும். அவ்வளவுதான். அதைச் சொல்ல இரண்டு நொடி போதும் என்பதால், மிச்ச நேரம் சும்மா உட்கார வேண்டியதாயிற்று. சும்மா உட்கார்ந்தபோது காதில் விழுந்தவை: தூரத்தில் எக்ஸ்பிரஸ் ரயில் நிற்காமல் போவது, பால்காரரின் டிவிஎஸ், எதிர்வீட்டில் யாரோ பல் தேய்த்துக்கொண்டே பாடுவது. ஒருநாள் போனை மாடியிலேயே மறந்துவிட்டு வந்தேன். அதை நான் கவனித்ததே பஸ்ஸில் ஏறிய பிறகுதான்.

பதினாறாம் நாளோ பதினேழாம் நாளோ, ஒரு குச்சியின் கணுவில் கடுகளவு பச்சை. நான் போட்ட சத்தத்தில் ஆன்ட்டி காபித் தம்ளரோடு ஓடிவந்தார். கண்ணாடி போட்டுக்கொண்டு, கழற்றிவிட்டு, மறுபடி போட்டுக்கொண்டு பார்த்தார்.

“எறும்புமா அது.”

“எறும்பு பச்சையா இருக்குமா ஆன்ட்டி!”

அன்று சாயங்காலம் முறுக்கு வந்தது. கொஞ்சம் நமுத்திருந்தது, ஆனால் வந்தது.

அடுத்த சில நாளில் மாசி மகம். ஆன்ட்டி எப்போதும் மகாபலிபுரம் போய் கடலில் முழுக்குப் போடுவார். இந்த முறை என்னையும் கூப்பிட்டார். கம்பெனிக்கு லீவு போட்டுவிட்டு, மூன்று பேருமாக விடியற்காலையில் பஸ் ஏறினோம். திருக்கழுக்குன்றம் தாண்டியதும் நிற்க இடமில்லை. கடற்கரையிலோ, முந்தின நாளே வந்து புடவையைக் கட்டிக் கூடாரம் போட்டுத் தங்கியிருந்த இருளர் குடும்பங்கள், அவர்களின் அடுப்புப் புகை, குழந்தைகள், ஈர மணலில் வரிசையாகச் செருப்புகள். சாமி தீர்த்தவாரிக்கு வந்ததும் மொத்தக் கூட்டமும் தண்ணீருக்குள் இறங்கியது. நானும் இறங்கினேன். ஒன்றரை மாத நீச்சல் எதற்கும் உதவவில்லை. ஒரு அலை என்னைக் குப்புறத் தள்ளி, ஆன்ட்டியின் காலடியில் கொண்டுபோய்ப் போட்டது. “சாமி காலு அங்க கீது, இங்க இன்னா விழற?” என்று சொல்லி என்னைத் தூக்கிவிட்டார் ஆன்ட்டி. வெட்டின நாளுக்குப் பிறகு அவர் வாய்விட்டுச் சிரித்தது அப்போதுதான்.

சாமி மூழ்கி எழுந்த அந்த நிமிஷத்தில், அவர் இரண்டு காலி வாட்டர் பாட்டிலில் கடல் தண்ணீரைப் பிடித்து மூடினதைப் பார்த்தேன். வீட்டில் தெளிக்க என்று நினைத்துக்கொண்டேன். எல்லோரும் செய்வதுதான்.

மறுநாள் காலை, பக்கெட்டில் வந்து உட்கார்ந்தால் செடியின் அடி மண் ஈரம்.

ஆன்ட்டி வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்தார். முகமெல்லாம் நிறைவாகத் தெரிந்தது. “தீர்த்தம் ஊத்திட்டேன்மா. இனிமே பாரு.”

“எவ்ளோ ஆன்ட்டி?”

“ரெண்டு பாட்டிலும்.”

குச்சியில் அப்போதுதான் கணுக் கணுவாகத் துளிர் விட்டிருந்தது. அதன் வேரில் இரண்டு லிட்டர் உப்புத் தண்ணீர். உப்புப்பட்ட வேருக்கு ஒரே வழி, அந்த உப்பை நல்ல தண்ணீரால் கரைத்துக் கீழே இறக்குவதுதான், அதுவும் சீக்கிரம். நான் எழுந்து, உட்கார்ந்திருந்த பக்கெட்டையே நிமிர்த்தி, குழாயைத் திறந்தேன்.

“ஏய், இன்னா பண்ற?” கோலமாவோடு ஓடிவந்தார் ஆன்ட்டி. “தீர்த்தத்தக் கழுவுறியா? சாமி முழுகின தண்ணிமா அது!”

அவர் குரலில் கோபத்தைவிடப் பெரிதாக ஒன்று இருந்தது. செடியை வெட்டியபோதுகூட அந்தக் குரல் வரவில்லை. நான் வேதியியல் படித்தவள். உப்பு வேரிலிருந்து தண்ணீரை எப்படி உறிஞ்சும் என்று படம் போட்டே விளக்குவேன். ஆனால் அந்த முகத்துக்கு முன்னால் எனக்கு அந்தப் படம் வரவில்லை.

“கழுவல ஆன்ட்டி” என்றேன். “தீர்த்தம் மேலயே நிக்குது. வேர் வரைக்கும் எறங்க வேணாமா? அதுக்குத்தான் தண்ணி.”

ஆன்ட்டி என்னைப் பார்த்தார். செடியைப் பார்த்தார். வாசற்படியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்த அங்கிள் பேப்பரை இறக்காமலேயே, “கரெக்டு. அடி வரைக்கும் போவணும்ல” என்று சொல்லிவிட்டு, எழுந்து போய் மோட்டாரைப் போட்டார்.

“அப்ப நல்லா ஊத்து” என்றார் ஆன்ட்டி. கோலமாவைக் கீழே வைத்துவிட்டு, இன்னொரு பக்கெட்டை எடுத்துக்கொண்டார். இருவரும் மாற்றி மாற்றி ஊற்றினோம். தண்ணீர் பாத்தி நிரம்பி, கேட்டுக்கு அடியில் வழிந்து, தெருவுக்குப் போய், அவர் பாதி போட்டிருந்த கோலத்தையும் அடித்துக்கொண்டு போனது. அன்று எனக்குக் கம்பெனி பஸ் போய்விட்டது. நனைந்த பேண்ட்டோடு ரயில் நிலையத்துக்கு ஓடினேன்.

அப்புறம் நான் அம்மனிடம் பேசவில்லை. சொன்ன பொய்யோடு வேண்டிக்கொள்ள ஒரு மாதிரி இருந்தது. பக்கெட்டில் மட்டும் உட்கார்ந்தேன். மூன்றாம் நாள் நான்கு துளிர்கள் நுனியில் கருகின. ஆன்ட்டியும் பார்த்தார். அவரும் உள்ளே போய் ஒரு முக்காலியை எடுத்துவந்து, எனக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தார். அன்றிலிருந்து காலையில் இரண்டு பேர். அவர் ஏதோ சுலோகம் முணுமுணுப்பார், நான் சும்மா இருப்பேன். பஸ் நேரம் வந்ததும், “போ, போ, நான் பாத்துக்கறேன்” என்பார், செடி எழுந்து ஓடிவிடும்போல.

கருகியது அந்த நாலோடு நின்றது. மற்ற கணுக்களில் துளிர் இலையானது, இலை கிளையானது. பங்குனி பிறந்தபோது பனி போய்விட்டிருந்தது. ஸ்கூட்டர் சீட் காலையிலேயே காய்ந்து கிடந்தது, ஸ்வெட்டர் பெட்டிக்குள் போனது. ஒருநாள் கிளை நுனியில் அரிசி மாதிரி ஒரு மொட்டு. அதை எறும்பு என்று யாரும் சொல்லவில்லை.

வளைகாப்புக்கு முந்தின நாள் மதியம், மலரும் முன்னே பறிக்க வேண்டும் என்று ஆன்ட்டி தாம்பாளத்தோடு வந்தார். பறித்தோம். ஒரு கிளை விடாமல் பார்த்தோம். மொத்தமும் ஆன்ட்டியின் ஒரு உள்ளங்கையில் அடங்கிவிட்டது. மிச்சமெல்லாம் பச்சைப் பொடி மொட்டுகள்; இன்னும் ஒரு வாரமாவது ஆகும்.

தாம்பாளம் ரொம்பப் பெரியதாகத் தெரிந்தது.

“ஸாரி ஆன்ட்டி” என்றேன். நான் பத்து நாள் முன்னால் வெட்டியிருக்க வேண்டும். கணக்கு அவ்வளவுதான்.

அவர் நார் எடுத்துத் தொடுத்தார். ஒரு சாண் வந்தது. சாயங்காலம் அதை எடுத்துப்போய், “சாத்திட்டுத் திருப்பிக் குடுங்க சாமி” என்று குருக்களிடம் கொடுத்து, பூஜை முடிகிற வரைக்கும் அம்மன் கழுத்தில் அது கிடப்பதைக் கண் கொட்டாமல் பார்த்து, இலையில் வாங்கிக்கொண்டு வந்தார். ஜடை தைக்க மார்க்கெட்டில் பூ வாங்கினோம். மறுநாள், தைத்த ஜடையின் உச்சியில் அந்த ஒரு சாணைச் செருகினார் ஆன்ட்டி.

நாற்காலியில் உட்கார்ந்திருந்த அக்கா கையைப் பின்னால் கொண்டுபோய்த் தடவிப் பார்த்தார். “எதும்மா என்னுது?”

“உச்சில.”

“இவ்ளோண்டா?”

“இவ்ளோதான் வந்துச்சு” என்றார் ஆன்ட்டி. குரல் இறங்கிப்போயிருந்தது. நான் சந்தனக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டு வேறு பக்கம் பார்த்தேன்.

அக்கா அந்தச் சரத்தை மட்டும் உருவி, மூக்கருகே வைத்துக்கொண்டார். ரொம்ப நேரம் வைத்திருந்தார். அப்புறம், “இத்த முன்னாடி வெச்சு வுடு. எனக்கு வாசன வரணும்” என்றார். காதோரம் வைத்துவிட்டார்கள். இரண்டு கை நிறைய வளையலோடு, நாள் முழுக்கத் தலையை அந்தப் பக்கமே சாய்த்துக்கொண்டிருந்தார்.

இதில் நாங்கள் யாருமே யோசிக்காமல் விட்டது ஒன்று உண்டு. வளைகாப்பு முடிந்தால் பெண் எங்கே போவாள்? எங்கேயும் போக மாட்டாள். பிரசவத்துக்கு அம்மா வீட்டிலேயேதான் இருப்பாள். அச்சரப்பாக்கத்து உறவுகள் சாயங்காலம் வேனில் ஏறிப்போய்விட்டார்கள். அக்கா பெட்டியோடு கீழ்வீட்டில் தங்கினார். சரியாக எட்டாம் நாள், செடி பூத்தது. பூத்தது என்று சொன்னால் போதாது. கொட்டியது. தாம்பாளம் நிறைந்து, முறமும் நிறைந்தது. தினமும் மதியம் அக்கா காலை நீட்டி உட்கார்ந்து தானே தொடுப்பார். அம்மனுக்கு ஒரு முழம், அக்காவுக்கு இரண்டு முழம், எனக்கு, எதிர்வீட்டுக்கு, கம்பெனி பஸ்ஸில் செய்யூர்க்காரிக்கு. ஒரு வாரத்தில் அக்காவே, “தல பாரமா கீதும்மா, போதும்” என்று சலித்துக்கொள்ள ஆரம்பித்தார். ஒரே ஒரு வெள்ளிக்கிழமைக்காக நாங்கள் இரண்டு பேர் காலையெல்லாம் உட்கார்ந்து கேட்டோம். அது சித்திரை முழுக்க வந்துகொண்டே இருந்தது.

எது செய்தது என்பதில் இன்னும் சண்டைதான். கவாத்து என்கிறேன் நான். கடல் என்கிறார் ஆன்ட்டி. “ரெண்டு பேரும் கொல்லத்தான் பாத்தீங்க, அது பொழச்சிகிச்சு” என்கிறார் அங்கிள்.

ஒருநாள் பூப்பறிக்கும்போது ஆன்ட்டி, என்னைப் பார்க்காமலேயே சொன்னார்: “உப்புத் தண்ணின்னு எனக்குத் தெரியாதாமா? பக்தில ஊத்திட்டேன். ஊத்தி முடிச்சப்புறம்தான் அய்யய்யோன்னு ஆச்சு. கோலம் போட்டுகினே நடுங்கிகினு இருந்தேன். நீ பக்கெட்ட எடுத்தியே, அப்பதான் உசுரு வந்துச்சு.”

“அப்புறம் ஏன் ஆன்ட்டி அந்தத் திட்டு திட்டினீங்க?”

“சாமி கேட்டுகினு இருந்துச்சே” என்றார்.

இப்போதும் ஐந்தரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. காத்திருக்க ஒன்றும் இல்லாவிட்டாலும் கீழே போகிறேன். பக்கெட்டும் முக்காலியும் அங்கேயே கிடக்கின்றன. முக்காலியில் இப்போதெல்லாம் பெரும்பாலும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு அக்கா. நேற்று என் சிவப்புக் கத்தரியை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, “அடுத்த தைல நான் வெட்றேன்” என்றார்.

“ஓரமா லைட்டா” என்று உள்ளேயிருந்து ஆன்ட்டியின் குரல் வந்தது.